டார்வின் நடந்த மணல் பாதை

லண்டன் மாநகரின் தென்கிழக்கு விளிம்பில், கென்ட் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே 'டவுன்' என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெயரைக் கேட்டு நகரம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பழைய தேவாலயம், சில வீடுகள், வளைந்து செல்லும் குறுகிய சாலை, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதக் காலையில், புரோம்லியிலிருந்து சிறிய பேருந்தில் ஏறி அங்கே போய் இறங்கினேன். சார்லஸ் டார்வின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைவிட, அதன் பின்புறமுள்ள சிறு காட்டைப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆவல்.

முதலில் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. தோட்டத்தையும் காய்கறிப் பாத்திகளையும் கடந்து வேலியோரமாக நடந்தால் வருவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம். நம் ஊர்த் தோப்புகள் பல இதைவிடப் பெரியவை. ஒரு பக்கம் ஓக் மரங்களின் நிழல். மறுபக்கம் தாழ்ந்த வேலி, அதற்கு அப்பால் புல்வெளியும் ஆளரவமற்ற சிறு பள்ளத்தாக்கும். இவற்றைச் சுற்றிவரும் வளையமாக ஒரு மணல் பாதை. அருகிலுள்ள பிகின் ஹில் விமான தளத்திலிருந்து எழும் சிறு விமானங்களின் ஒலி அவ்வப்போது கேட்கிறது. அது ஓய்ந்தால் இலை உதிரும் ஓசை மட்டுமே.

1809-இல் ஷ்ரூஸ்பரி நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த டார்வின், 1831 டிசம்பரில் 'பீகிள்' கப்பலில் ஏறி ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தவர். அந்தப் பயணத்தின் கதையை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் 1836-இல் திரும்பியவர் அதன்பின் ஒருமுறைகூட பிரிட்டனைவிட்டு வெளியே போகவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். 1842-இல் இந்தச் சிற்றூருக்குக் குடிவந்தார். 1846-இல் அண்டை நிலக்கிழாரான லப்பக் குடும்பத்தாரிடமிருந்து இந்த நிலத்துண்டைக் குத்தகைக்கு எடுத்து, ஹேசல், பிர்ச், ஹோலி எனப் பல மரங்களை நட்டார். பல ஆண்டுகள் கழித்தே அது அவருக்குச் சொந்தமானது.

மழையோ வெயிலோ, நண்பகல் வேளையில் இந்தப் பாதையில் நடப்பது அவருடைய வழக்கம். வாந்தி, தலைசுற்றல், படபடப்பு என வாழ்நாளெல்லாம் அவரை வருத்திய நோய் இன்னதென்று அக்கால மருத்துவர்களால் கண்டறிய முடியவில்லை. நடை அவருக்கு மருந்தாகவும் இருந்தது. எத்தனை சுற்று நடந்தோம் என்ற எண்ணம் சிந்தனையைக் குலைக்கக் கூடாதென்று, பாதை தொடங்கும் இடத்தில் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, சுற்றுக்கு ஒரு கல்லாகக் காலால் ஒதுக்கித் தள்ளுவாராம். ஒருமுறை அவர் அசையாமல் நின்றிருந்தபோது அணில் குஞ்சுகள் அவரை மரமென்று நினைத்தோ என்னவோ கால் வழியே முதுகில் ஏறின. தாய் அணில் மரத்திலிருந்து பதறிக் கத்தியதாக அவருடைய மகன் பிரான்சிஸ் பதிவு செய்திருக்கிறார்.

குழந்தைகளுக்கு இதுவே விளையாட்டுத் திடல். தந்தைக்கு அவர்கள் ஆய்வு உதவியாளர்களும்கூட. பருத்த உடல்கொண்ட ஒருவகை ஆண் தேனீக்கள் ஆண்டுதோறும் ஒரே தடத்தில் பறந்து, குறித்த சில இடங்களில் நின்று ரீங்கரிப்பதைக் கவனித்த அவர், பிள்ளைகளை ஆளுக்கோர் இடத்தில் நிறுத்தித் தேனீ வரும்போது குரல் கொடுக்கச் செய்து அதன் வழியைக் கண்டறிந்தார்.

காட்டின் இந்த அமைதி அவரை ஏமாற்றவில்லை. 1857-இல் தம் நிலத்தில் மூன்றடிக்கு இரண்டடி அளவுள்ள ஓர் இடத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, தாமாக முளைத்த களைச் செடிகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். முளைத்தவை 357. அவற்றுள் 295 பெரும்பாலும் நத்தை இனங்களாலும் பூச்சிகளாலும் அழிந்தன. ஒரு பாய் அகலமும் இல்லாத நிலத்தில் இத்தனை சாவு! நாம் அழகென்று நின்று ரசிக்கும் பசுமைக்கு அடியில் ஓயாத போராட்டம் நடப்பதை அவர் தொலைதூரத் தீவுகளில் மட்டுமல்ல, தம் வீட்டுப் புறக்கடையிலும் எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அந்தப் போராட்டம் வீட்டுக்குள்ளும் வந்தது. 1839-இல் அவர் மணந்த எம்மா வெட்ஜ்வுட், அவருடைய தாயின் உடன்பிறந்த தம்பி மகள். நம் வழக்கில் சொன்னால் மாமன் மகள், முறைப்பெண். பத்துக் குழந்தைகள் பிறந்தனர். மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். இந்த ஊருக்கு வந்த சில நாள்களில் பிறந்த மேரி மூன்று வாரங்களே உயிரோடிருந்தாள். மூத்த பெண் ஆனி, தந்தையின் செல்லம். இதே மணல் பாதையில் அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் ஓடியவள். பத்து வயதில் நோயுற்ற அவளை நீர் சிகிச்சைக்காக மால்வர்ன் என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். நிறைமாத கர்ப்பிணியான எம்மா வீட்டிலேயே தங்க நேர்ந்தது. 1851 ஏப்ரல் 23 அன்று, தாய் அருகில் இல்லாமலேயே ஆனி இறந்தாள். அடக்கத்துக்குக்கூடக் காத்திராமல் மனைவியிடம் விரைந்தார் டார்வின்.

அடுத்த அடி 1858-இல். அவர் தம் கொள்கையைச் சுருக்கமாக எழுதி வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் இறந்துபோனால் அதை அச்சிட 400 பவுன் ஒதுக்குமாறு எம்மாவுக்குக் கடிதமும் எழுதிவைத்திருந்தார். கடவுள் நம்பிக்கை மிகுந்த மனைவியிடம், அந்த நம்பிக்கையை அசைக்கக்கூடிய நூலை ஒப்படைத்த அந்தக் கடிதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இடையில் எட்டு ஆண்டுகளைக் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு இனங்களை ஆராய்வதில் செலவிட்டார். அந்த ஜூன் 18 அன்று, கீழை நாட்டுத் தீவுகளிலிருந்து ஆல்பிரட் வாலஸ் அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. ஏறத்தாழ அதே கொள்கை. பத்தே நாள்களில் ஒன்றரை வயதுக் கடைக்குட்டி ஸ்கார்லெட் காய்ச்சலால் இறந்தான். ஜூலை முதல் நாள் லண்டனில் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கில்லை. மகனைப் புதைத்துக்கொண்டிருந்தார். உயிர்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

அந்த நூலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எனக்கு அதற்கு இணையாக முக்கியமாகப் படுவது, பின்னாளில் அவர் தம்மையே நோக்கி எழுப்பிய ஒரு கேள்வி. உயிர்வாழும் பிள்ளைகளும் அடிக்கடி நோயுறுவதைக் கண்டு, நெருங்கிய உறவில் மணந்ததுதான் காரணமோ என்று அஞ்சினார். அச்சத்தை மனத்துக்குள் புதைத்துவிடவில்லை. பதினோர் ஆண்டுகள் செடிகளை வளர்த்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற செடியின் வாரிசுகளையும் பிற செடியின் மகரந்தத்தால் கருவுற்றதன் வாரிசுகளையும் அருகருகே வைத்து அளந்தார். பெரும்பாலும் முன்னவை குட்டையாகவும் வலுவற்றும் இருந்தன. முடிவுகள் 1876-இல் நூலாயின. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அத்தை, மாமன் மக்களை மணந்தோர் பற்றி ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று, நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்ட அண்டை வீட்டு ஜான் லப்பக் வழியாக முயன்றார். அவை அதை மறுத்துவிட்டது. பின்னர் மகன் ஜார்ஜ் மனநலக் காப்பகங்களுக்கு வினாக்கள் அனுப்பித் தகவல் திரட்டி, உறவுத் திருமணத்தின் தீங்கு பரவலாக அஞ்சப்பட்ட அளவுக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

தந்தையின் திருமணத்தையே ஆய்வுப் பொருளாக்கி மகன் கணக்கெடுக்க, தந்தை அதை ஊக்குவித்த வீடு அது. சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இப்படியொரு கேள்வியை இன்றும் கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட முடியாது. டார்வின் தம்பதியருக்கிடையே அன்பு குறைந்ததற்கோ, திருமணத்துக்காக அவர் வருந்தியதற்கோ சான்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சிய பிள்ளைகளுள் ஜார்ஜ், பிரான்சிஸ், ஹொரேஸ் மூவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்களாயினர்.

கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது, 1881-இல் வந்தது. அதற்காக வீட்டுக்குள் தொட்டிகளில் புழுக்களை வளர்த்தார். பிரான்சிஸ் ஊதிய குழல் ஓசையைப் புழுக்கள் பொருட்படுத்தவில்லை. எம்மாவின் பியானோமீது தொட்டியை வைத்தபோது மட்டும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் பதுங்கின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று டார்வின் காலமானார்.

ஊர் தேவாலய முற்றத்தில், தம் குழந்தைகளின் அருகில் அடக்கமாக வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்தது. ஞாயிறுகளில் குடும்பத்தை வாசல்வரை கொண்டுவிட்டு, உள்ளே போகாமல் நடக்கச் சென்றுவிடுபவர்தாம். ஆனாலும் ஊரின் உதவிச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்து, பாதிரியாரோடு நட்புப் பேணியவர். உள்ளூர்த் தச்சர் அவர் விரும்பியபடியே இழைத்து மெருகேற்றாத சவப்பெட்டி ஒன்றைச் செய்தார். அதற்குள் லண்டன் அறிஞர்கள் முனைந்தனர். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். அதில் முன்னின்றவரும் ஜான் லப்பக்தான். தச்சரின் பெட்டி திருப்பி அனுப்பப்பட்டது. பளபளக்கும் வேறொரு பெட்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குப் போனார் டார்வின்.

பேருந்துக்கு நேரமிருந்ததால் அந்தத் தேவாலய முற்றத்துக்கும் போனேன். 1896-இல் மறைந்த எம்மா அங்கே இருக்கிறார். மேரியும் கடைக்குட்டியும் இருக்கிறார்கள். அவருடைய அண்ணன் எராஸ்மஸ்கூட அங்கேதான். டார்வினுக்காக இருப்பது கோபுரச் சுவரில் பதித்த ஒரு சூரியக் கடிகாரம். அன்று மேகமூட்டம், அது நேரம் காட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.