பீரங்கி வண்டியை விற்றுக் கட்டிய பாலர்பள்ளி

சென்ற பருவத்தில் ஒரு பாலர்பள்ளியில் பயிற்றுப்பணி செய்தேன். விரிவுரையாளர் பார்வையிட வரும் நாளன்று, பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த புட்டி மூடிகள், மைலோ டின்கள், முட்டை அட்டைகள் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். வகுப்பு பளிச்சென்று இருந்தது. புள்ளியும் நன்றாகவே கிடைத்தது. ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் தன் இரயில் எங்கே என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தமிழ்ப்பள்ளி நாள்களில் நானும் டின்னை உருட்டி விளையாடியவன்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் எப்படியோ மறந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் நூலகத்தில் லோரிஸ் மலகூட்சியின் வாழ்க்கையைப் படித்தேன். ரெஜியோ எமிலியா அணுகுமுறை என்று நாம் தேர்வுக்கு மனனம் செய்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பவர் இவர்.

மலகூட்சி 1920இல் வட இத்தாலியின் கொரெஜ்ஜோ என்னும் சிற்றூரில் பிறந்தார். போர்க்காலத்திலேயே ஆசிரியரானார். 1945 ஏப்ரலில் போர் ஓய்ந்த சில நாள்களில், ரெஜியோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள வில்லா செல்லா கிராமத்தில் மக்களே ஒரு பள்ளி கட்டுகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. நம்ப முடியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அங்கே பெண்கள் இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற பீரங்கி வண்டி, லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை விற்ற காசுதான் முதல். நிலம் ஒரு விவசாயி கொடுத்தது. மணல் ஆற்றிலிருந்து வந்தது. தாம் ஓர் ஆசிரியர் என்று சொன்னதும், அப்படியானால் எங்களோடு வேலை செய்ய வாருங்கள் என்று அழைத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 25. என்னைவிட மூன்றே வயது மூத்தவர்!

பிறகு அரசுப் பள்ளி வேலையை விட்டு, ரோமில் உளவியல் பயின்று திரும்பினார். கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கான நகராட்சி நிலையத்தில் ஒரு பாதி நாள், பெற்றோர் நடத்திய சிறு பள்ளிகளில் மறுபாதி நாள் என்று பல ஆண்டுகள் உழைத்தார். 1963இல் நகராட்சியின் முதல் பாலர்பள்ளி இரண்டே வகுப்பறைகளோடு திறக்கப்பட்டது. அதற்கு ராபின்சன் என்று பெயர். உடைந்த கப்பலின் மிச்சங்களைக் கொண்டு தீவில் வாழ்ந்த அதே ராபின்சன் குரூசோதான்.

அவருடைய பள்ளிகளில் ஓவியம் பயின்ற ஒருவர் பொறுப்பில் ஒரு பட்டறை இருக்கும். களிமண், கம்பி, கூழாங்கல், விதை, காகிதத் துண்டு என்று எதுவும் அங்கே கருவிதான். பிள்ளை பேச்சால் மட்டும் சிந்திப்பதில்லை, கையாலும் சிந்திக்கிறது என்பது அவர் துணிபு. 1976இல் வானொலியில் இப்பள்ளிகளைக் கண்டித்துப் பிரசாரம் நடந்தபோது, அவர் கதவைச் சாத்தவில்லை. குறை சொன்ன பாதிரியார்களையும் பெற்றோரையும் உள்ளே அழைத்து மாதக்கணக்கில் விவாதித்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தத் துணிச்சல்தான். நானோ ஒரு விரிவுரையாளருக்கே பயந்தவன்.

1991இல் நியூஸ்வீக் இதழ் அந்நகரின் டயானா பள்ளியை உலகின் சிறந்த பாலர்பள்ளியாகத் தேர்ந்தெடுத்தது. 1994 ஜனவரியில் மலகூட்சி காலமானார். இரண்டாண்டு கழித்து அந்நகரில் ரெமிடா என்ற நிலையம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகள் கழித்த துணி, தோல், அட்டை, நெகிழித் துண்டுகளைச் சேர்த்துப் பள்ளிகளுக்கு வழங்கும் இடம் அது. தொட்டதைப் பொன்னாக்கிய மைடாஸ் அரசனின் பெயரிலிருந்து பிறந்தது அந்தப் பெயர்.

பயிற்றுப்பணியின் கடைசி வாரம், விடுதி நண்பர்களிடம் கெஞ்சிச் சேர்த்த 27 புட்டி மூடிகளைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, இரயிலுக்குப் போதாது என்றாள்.