உடலோம்பிய புலவர்

சென்னைக் கடற்கரையினின்று செங்கற்பட்டிற்குச் செல்லும் இருப்புப்பாதையில், தாம்பரத்திற்குத் தெற்கே ஊரப்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து வடக்கே சென்றால் பல்லாவரமும், தெற்கே சென்றால் மறைமலைநகரும் வரும். முன்னதில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும், பின்னதற்குத் தம் பெயரை ஈந்தவரும் ஒருவரே. அவர் மறைமலையடிகள்.

நாகைக்கு அண்மையிலுள்ள காடம்பாடியில் 1876ஆம் ஆண்டு பிறந்த அடிகளாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். இளமையிலேயே தந்தையாரை இழந்தமையால் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. பள்ளி நின்றதேயன்றிக் கல்வி நிற்கவில்லை. நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரை அடுத்துத் தமிழ் நூல்களை முறையாகப் பயின்றார்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். தாம்பரத்தில் இன்று காணும் அக்கல்லூரி, அந்நாளில் உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இருந்தது. 1937இலேதான் தாம்பரத்திற்கு வந்தது. பகலில் வகுப்பு; எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சியும் சொற்பொழிவும்; 1902 முதல் ஞானசாகரம் என்னும் இதழ். இத்துணைச் சுமையையும் ஓருடம்பே தாங்கவேண்டியிருந்தது.

உடம்பின் நிலையாமையை அவர் அருகிலிருந்தே காண நேர்ந்தது. அதே கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் பரிதிமாற் கலைஞர் எனப் பெயர்கொண்ட சூரியநாராயண சாஸ்திரியார். அடிகளாரினும் ஆறாண்டே மூத்தவர். கற்பித்தலோடு நாடகங்களும் செய்யுள்களும் தமிழ்மொழியின் வரலாறும் இயற்றிய அப்பெரியார், எலும்புருக்கி நோயால் 1903இல் தம் முப்பத்து மூன்றாம் அகவையில் மறைந்தார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் இல்லை. ஆதலின் ஓய்வற்ற உழைப்பே அவர் உயிரைக் கவர்ந்தது என்று கூறிவிடுதல் முறையன்று. ஆயினும் தமிழ் அவரிடமிருந்து பெறாது இழந்த நூல்கள் எத்தனையோ!

1911இல், தமிழ் கட்டாயப் பாடமன்று எனப் பல்கலைக்கழகம் வகுத்தமையால், அடிகளார் கல்லூரிப் பணியினின்று நீங்கினார். குடும்பமோ பெரிது. எனினும் நகர வாழ்வை விடுத்து, அக்காலத்தில் அமைதியான சிற்றூராயிருந்த பல்லாவரத்தில் குடியேறினார். பொருள் நோக்கில் இது பெருந்துணிவே.

கல்வியை அவர் குறைத்துக்கொண்டாரல்லர். உடல்நலத்தையும் கல்விக்குரிய பொருளாக்கிக்கொண்டார். பொருந்தும் உணவும் பொருந்தா உணவும் என ஒரு நூல். யோகநித்திரை என்னும் அறிதுயிலைப் பற்றி ஒரு நூல். மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை எனப் பிறிதொரு நூல். முல்லைப்பாட்டையும் பட்டினப்பாலையையும் ஆராய்ந்த புலவர் சோற்றையும் துயிலையும் பற்றி எழுதுவதா எனப் பண்டிதர் சிலர் வியந்திருக்கக்கூடும். ஏடு புரட்டும் கைக்கு வலிமை தருவது சோறே என்பதை அடிகளார் மறக்கவில்லை. அவர் கூறியவற்றை எல்லாம் இன்றைய மருத்துவர் ஏற்பர் எனல் இயலாது. நூறாண்டு என நூலுக்குப் பெயரிட்டவர் வாழ்ந்ததும் எழுபத்து நான்கு ஆண்டுகளே. ஆனால் அது பரிதிமாற் கலைஞரின் வாழ்நாளினும் இருமடங்கிற்கு மேற்பட்டது. வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என மாற்றித் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, 1916இல், அவருக்கு வயது நாற்பது. முப்பத்து மூன்றில் அவர் வாழ்வும் முடிந்திருப்பின், அவ்வியக்கத்தைத் தொடங்க அவர் இருந்திரார்.

1898 முதல் எழுதிவந்த நாட்குறிப்பை 1950 வரையிலும் அவர் கைவிடவில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள், 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகமாகத் திறந்துவைக்கப்பெற்றன.