தீவுக்குத் திரும்பாத மெக்கன்சி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

மடக்கை அட்டவணையைக் கண்டு மருளாத கணித மாணவர் நம்மில் யாருமில்லை. அந்த மடக்கையை 1614-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று எண்ணித்தான் நான் தேடத் தொடங்கினேன். ஆனால் போய்ச் சேர்ந்ததோ வேறொரு மனிதரிடம். அவர் பெயர் காலின் மெக்கன்சி. இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்தவர். வரலாறு பயிலும் நண்பர்களுக்கு மெக்கன்சி சுவடிகள் என்றதும் நினைவு வரும். அவரை நம் மாநிலத்துக்கு இழுத்து வந்தது கணிதம் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்களோ!

மெக்கன்சி பிறந்தது 1754-இல், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் கிடக்கும் லூயிஸ் என்னும் தீவில். ஊர் ஸ்டோர்னோவே. நில வரைபட நூலில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. நம் திருவண்ணாமலை 12 பாகை வடக்கில் இருக்கிறது. அந்த ஊரோ 58 பாகை வடக்கில். கோள முக்கோணவியல் சூத்திரத்தைப் போட்டு, மடக்கை அட்டவணையைக் கொண்டே கணக்கிட்டேன். நம் அண்ணாமலையார் கோயிலுக்கும் ஸ்டோர்னோவேக்கும் இடையே புவிப்பரப்பில் மிகக் குறுகிய தொலைவு ஏறக்குறைய 8,600 கிலோமீட்டர் வந்தது. கணிப்பானில் சரிபார்த்தபோதும் அதே விடைதான். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி தேர்வில்கூட வந்ததில்லை.

இன்று ஒருவர் அங்கே போக வேண்டுமானால் என்ன செய்வது? சென்னையிலிருந்து விமானத்தில் இலண்டன் சென்று, அங்கிருந்து வடக்கே இன்வர்னஸ் நகரை அடைய வேண்டும். இன்வர்னஸிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் அல்லபூல் என்ற சிறு துறைமுகம். அங்கே பேருந்து, கார், லாரி எல்லாவற்றையும் வயிற்றில் ஏற்றிக்கொள்ளும் கப்பல் நிற்கும். மின்ச் என்னும் கடலை அது கடக்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகும். காற்று மிகுந்தால் கப்பல் புறப்படாது. கடலுக்கு அஞ்சுவோர் இன்வர்னஸிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ சிறு விமானத்தில் போகலாம். தீவு மக்கள் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கண்டிப்புடன் காப்பவர்கள். ஆகவே ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் 2009 ஜூலையில்தான் தொடங்கியது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது.

அந்தத் தீவில் காலனிஷ் என்னுமிடத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுக்கு முன் நட்ட நெடுங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. நம் தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூரில் கல்வட்டமும் மனித வடிவில் நிற்கும் பெருங்கல்லும் பார்த்திருப்பீர்கள். காலமும் மக்களும் வேறு. ஆயினும் கல்லை நட்டுவைக்கும் ஆசை எங்கும் ஒன்றுபோலும்.

மெக்கன்சியின் தந்தை வணிகர். ஸ்டோர்னோவேயின் முதல் அஞ்சல் அதிகாரியும் அவரே. மகன் அதே துறைமுகத்தில் சுங்க அலுவலராக இருந்தார். அக்காலத்தில் நேப்பியர் பிரபு ஒருவர் தம் முன்னோராகிய ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத முயன்றார். இந்தியர்கள் மடக்கையை அறிந்திருந்தார்களா, அவர்களது கணிதம் எத்தகையது என்று ஆராயும் வேலை மெக்கன்சியிடம் வந்தது. பிரபு மறைந்தார், நூல் நின்றது. கேள்வி மட்டும் மெக்கன்சியை விடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இடம் பெற்று, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதம் கடலில் வந்து, 1783 செப்டம்பரில் சென்னையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 29. நேப்பியர் பிரபுவின் மகள் மதுரையில் குடியிருந்தார். அவர் வீட்டில்தான் நம் நாட்டுப் பண்டிதர்களை மெக்கன்சி முதலில் சந்தித்தார்.

அதன் பின் போர்கள். சீரங்கப்பட்டண முற்றுகையில் 1792-இலும் 1799-இலும் அவர் இருந்தார். திப்பு வீழ்ந்ததும் மைசூர் நாட்டை அளக்கும் பணி கிடைத்தது. சுமார் 40,000 சதுர மைல் நிலத்தை, காய்ச்சலுக்கும் பணமுடைக்கும் நடுவே, பத்தாண்டுக் காலம் அளந்தார். அளந்தது யாருக்காக என்பதை மறைக்க வேண்டியதில்லை. வரி தண்டவும் படை நடத்தவும் கம்பெனிக்கு வரைபடம் வேண்டியிருந்தது. ஆனால் சங்கிலி பிடித்துப் போன ஊர்தோறும் அந்த ஊரின் கதையையும் அவர் கேட்டார். ஏரி யார் வெட்டியது, கோயில் யார் கட்டியது, கல்வெட்டு என்ன சொல்கிறது என்றெல்லாம் எழுதி வாங்கினார். இதற்கு யாரும் அவருக்கு ஆணையிடவில்லை. பெரும்பகுதி தம் கைப்பணத்தில் செய்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மெக்கன்சிக்கு நம் மொழிகள் சரியாகத் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சுவடிகளைத் தேடியவரும் படித்தவரும் காவலி வெங்கட போரய்யா. 1796-இல் இலங்கையிலிருந்து திரும்பிய பின் மெக்கன்சிக்குக் கிடைத்த அந்த ஆந்திர இளைஞர் 1803-லேயே, முப்பது வயது நிறையுமுன் மறைந்துவிட்டார். அவருடைய தம்பி லட்சுமய்யா அவ்வேலையை ஏற்று நடத்தினார். ஓவியர் தாமஸ் ஹிக்கி 1816-இல் தீட்டிய படத்தில், சிவப்புச் சட்டையுடன் நிற்கும் மெக்கன்சியைச் சுற்றி மூன்று இந்தியர்கள் இருக்கிறார்கள். படத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தது மெக்கன்சியின் பெருந்தன்மை என்றே நான் கருதுகிறேன்.

1811-இல் ஜாவாப் படையெடுப்புடன் சென்றார். அங்கே பெட்ரோனெல்லா பார்டெல்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். 1815-இல் சர்வேயர் ஜெனரல் பதவி. 1821 மே 8 அன்று இறந்தார். கல்கத்தாவின் பார்க் தெருக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். புறப்பட்டபின் 38 ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் லூயிஸ் தீவுக்குத் திரும்பவில்லை.

அவர் விட்டுச் சென்றவை 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள். கம்பெனி அவர் மனைவிக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்து அவற்றை வாங்கியது. ஒரு பகுதி இலண்டன் போயிற்று. தென்மொழிச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. நமக்கு அடுத்த செஞ்சியின் அரசர்களைப் பற்றி நாராயண பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரமும் அவற்றுள் ஒன்று. எல்லாம் அறிந்த லட்சுமய்யா, பணியைத் தாமே தொடர்வதாக 1830-களில் விண்ணப்பித்தார். இந்தியர் ஒருவரால் அது ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு இரவு உணவு இறங்கவில்லை.

2017-இல் ஸ்டோர்னோவே அருங்காட்சியகத்தில் மெக்கன்சி சேகரித்த பொருள்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அவர் வந்து 234 ஆண்டுகள் கழித்து, அவருடைய பொருள்கள் கடல் கடந்து அவரது ஊருக்குப் போயின.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊருக்கு, செங்கம் சாலையிலிருந்து உள்ளே, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பேருந்து வரும். தவறினால் நான்கு கிலோமீட்டர் நடை. அதனால் வார நாள்களில் விடுதியில் தங்குகிறேன். படித்துவிட்டு வெளியூர் போனவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர். பொங்கலுக்கு வருவார்கள்; பிறகு அதுவும் நின்றது. அம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியும்.

போன விடுமுறையில் களத்தில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உரித்துக்கொண்டே மெக்கன்சி கதையை அம்மாவுக்குச் சொன்னேன். மடக்கை, சீரங்கப்பட்டணம், இலட்ச ரூபாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அந்தத் தீவுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் மறுபடியும் சொல்லச் சொன்னாள். நான் பேருந்து, விமானம், பேருந்து, கப்பல் என்று விரல் மடக்கிச் சொன்னேன். அவளும் கூடவே மடக்கினாள். பின்பு முறத்தைப் புடைத்துக் கீழே வைத்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் விதை போட ஆள் குறைகிறது, சனிக்கிழமை மாலைப் பேருந்துக்கே வந்துவிடு என்றாள்.