அப்பாவுக்காக மகன் செய்த கால்குலேட்டர்!

ஹோட்டல் பில்லை நாலு பேருக்குப் பிரிக்கணுமா? போனை எடுத்து நாலு தட்டு, கணக்கு ஓவர். ஆனா, சுமார் 380 வருஷத்துக்கு முன்னாடி, அப்பா படுற கஷ்டத்தைப் பார்த்துட்டு ஒரு டீன் ஏஜ் பையன் கணக்கு மெஷின் செய்ய உட்கார்ந்தார். அவர்தான் பிளெய்ஸ் பாஸ்கல்.

1623-ல் பிரான்ஸின் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். 3 வயதிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கு அனுப்பாமல் அப்பா எத்தியேனே பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். பிறகு அப்பாவுக்கு ருவான் நகரில் வரிக் கணக்கு வேலை. ராத்திரி, பகல்னு கூட்டல்தான். அந்தக் காலக் காசுக் கணக்கு வேற தலைவலி. 12 தெனியே சேர்ந்தா ஒரு சோல், 20 சோல் சேர்ந்தா ஒரு லிவ்ர்!

1642-ல் மகன் வேலையை ஆரம்பித்தார். பித்தளைப் பெட்டி, மேலே வரிசையாகச் சக்கரங்கள். சின்னக் குச்சியால் சக்கரத்தைச் சுற்றினால், ஜன்னல் மாதிரியான ஓட்டையில் விடை தெரியும். பழைய பைக்ல கிலோமீட்டர் ஓடுறதைப் பார்த்திருக்கீங்களா? 9 தாண்டி 0 வந்ததும் பக்கத்து எண் ஒண்ணு கூடுமே, அதே சங்கதி. பாஸ்கல் மெஷினில், மெல்ல மேலே ஏறிய ஒரு சின்ன எடை அந்த நொடியில் கீழே விழுந்து, அடுத்த சக்கரத்தைத் தள்ளிவிடும். நாம மனசுல வச்சுக்குற 'மீதி 1' இனி மெஷினோட பொறுப்பு!

கேட்க ஈஸி. ஆனால், சரியாக வர 50 மாதிரிகள் வரை செய்ய வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கடிகாரக் கைவினைஞர் அரைகுறையாக காப்பியடிக்க, மனம் வெறுத்து வேலையையே நிறுத்தினார். மறுபடி எழுந்து, 1645-ல் முடித்தார். 1649-ல் ராஜாவின் தனி உரிமையும் கிடைத்தது.

வியாபாரம்? ஃபிளாப். விலை எக்கச்சக்கம், வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு. இளம் வயதிலிருந்தே படுத்திய உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1662-ல், 39 வயதிலேயே பாஸ்கல் இறந்துவிட்டார்.

வானிலைச் செய்தியில் 'ஹெக்டோபாஸ்கல்'னு வருதே, அது இவர் பெயர்தான். 1970-ல் வந்த ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கும் 'பாஸ்கல்'னே பெயர் வச்சாங்க. அந்தப் பெட்டிகளில் சில, பாரிஸ் மியூசியத்தில் இன்னிக்கும் இருக்கு. அப்பாவோட ஒரு ராத்திரித் தூக்கத்துக்காகப் பிறந்த பெட்டிங்க அது!