விதைப் பொட்டலத்துடன் வந்த பேராசிரியர்

பருத்தி வாசற்படி வரை விளைந்து நிற்கும். ஆனால், வீட்டு அடுப்பில் வேக ஒரு பிடி கீரை இருக்காது. 1890-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின உழவர் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்தன. அந்த வீடுகளுக்குக் காய்கறி விதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலை ஆராய்ச்சிக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், கடலையில் அவர் பெயர் பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏழை வீட்டுக் கொல்லையில் அவருடைய வேலை தொடங்கிவிட்டது.

தாய் முகம் அறியாதவர்

மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற ஊருக்கு அருகே, 1864-ஐ ஒட்டி, அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் கார்வர். பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளைக் கும்பல் ஒன்று தாயையும் பிள்ளையையும் கடத்திச் சென்றது. தேடிப்போன ஆள் குழந்தையை மட்டும்தான் மீட்டு வந்தார். தாய் மேரி என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தந்தையும் முன்பே இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. உரிமையாளராக இருந்த மோசஸ் கார்வரும் அவருடைய மனைவி சூசனும் கார்வரையும் அவருடைய அண்ணனையும் வளர்த்தார்கள்.

கார்வர் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதனால் வீட்டில் சமையல், துணி துவைத்தல், தையல், காய்கறித் தோட்டம் என்று சூசனுடனேயே இருந்தார். வாடிய செடியை எப்படித் தேற்றுவது என்று கேட்டு அக்கம்பக்கத்தார் அந்தச் சிறுவனைத் தேடி வருவார்கள். செடி மருத்துவர் என்றே அவரை அழைத்தார்கள்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. சிறுவயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, ஊர் ஊராகச் சென்று, சலவை செய்தும் சமைத்தும் படித்தார். கான்சஸில் ஒரு கல்லூரி முதலில் இடம் கொடுத்துவிட்டு, நேரில் பார்த்ததும் தோல் நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியது. பிறகு அயோவா மாநில வேளாண் கல்லூரியில் சேர்ந்து 1894-ல் இளநிலைப் பட்டமும் 1896-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரும் முதல் கறுப்பின ஆசிரியரும் அவர்தான்.

பருத்தி மட்டும் விளைந்த மண்

1896-ல் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததால், அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்துக்கு வேளாண் துறைத் தலைவராக வந்தார். அங்கே அவர் பார்த்த உழவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. வாரத்துக்குச் சாகுபடி செய்தார்கள். விதை, உரம், மளிகை எல்லாம் கடன். அறுவடையில் பங்கும் கடனும் போனபின் மிஞ்சுவது சொற்பம். கடனுக்கு ஈடு பருத்திதான் என்பதால், காய்கறிக்கு ஒரு பாத்தி ஒதுக்கவும் பல இடங்களில் வழியில்லை.

அவர்களுடைய சாப்பாடு மூன்றே பொருள்கள்: மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, சர்க்கரைப் பாகு. வயிறு நிரம்பும், உடம்பில் சத்து சேராது. பின்னாளில் இந்தச் சாப்பாடு பெல்லாக்ரா என்ற நோயாகத் தெற்கு மாநிலங்களை வாட்டியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, புத்தி தடுமாறும். 1914-ல் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் உள்ள அனாதை இல்லங்களில், பிள்ளைகளின் சாப்பாட்டில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கூட்டிக் கொடுத்தார். அங்கே நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. இது தொற்று நோயல்ல, தட்டில் உள்ள குறை என்பதற்கு அது வலுவான சான்றாக அமைந்தது. கார்வர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே காராமணியையும் காய்கறியையும் உழவர் வீட்டுத் தட்டில் சேர்க்கப் பாடுபட்டு வந்தார்.

விதையும் சொல்லித் தருதலும்

அமெரிக்க அரசு அப்போது இலவச விதைப் பொட்டலங்களை வழங்கி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மக்களுக்கு அவற்றைத் தபாலில் அனுப்புவார்கள். வாக்குரிமை பறிக்கப்பட்டுக்கொண்டிருந்த கறுப்பின வாரக் குடியானவரை நினைத்து அனுப்ப யார் இருந்தார்கள்? அயோவாவில் கார்வருக்குப் பழக்கமான பேராசிரியர் ஜேம்ஸ் வில்சன் 1897-ல் அமெரிக்க வேளாண் அமைச்சரானார். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வேளாண் துறையிடமிருந்து தோட்ட விதைகளைப் பெற்று, டஸ்கீகியில் கூடிய உழவர்களுக்கு கார்வர் பிரித்துக் கொடுத்தார்.

அந்த உழவர் கூட்டத்தை 1897-ல் அவரே தொடங்கியிருந்தார். மாதம் ஒருமுறை நடக்கும். விதையைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நிற்கவில்லை. எப்போது விதைப்பது, எப்படிப் பராமரிப்பது, அதிகமாக விளைந்ததை எப்படி உலர்த்தி வைப்பது என்றும் கற்றுத் தந்தார். சோதனைப் பண்ணையில் விலை கொடுத்து வாங்கும் உரத்துக்குப் பதிலாகச் சதுப்பு மண்ணையும் காட்டு இலைச்சருகையும் மக்கவைத்துப் போட்டுக் காட்டினார். காசில்லாத உழவருக்குக் காசு கேட்கும் யோசனை உதவாது என்பது அவருக்குத் தெரியும். எளிய நடையில் துண்டு வெளியீடுகளும் எழுதினார். அவற்றில் பயிர் முறையும் சமையல் குறிப்பும் சேர்ந்தே இருக்கும். 1910-ல் பள்ளிப் பிள்ளைகளின் தோட்டத்துக்கென்றே ஒரு வெளியீடு கொண்டுவந்தார்.

வண்டியில் வந்த பள்ளி

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடி 1906-ல் ஜெசப் வண்டி கிளம்பியது. நியூயார்க் செல்வந்தர் மாரிஸ் ஜெசப் பணம் கொடுத்தார். வண்டி செய்தவர்கள் டஸ்கீகி மாணவர்கள். கலப்பை, விதை, உர மாதிரி, தயிர் கடையும் கருவி எல்லாம் ஏற்றிய அந்தக் குதிரை வண்டி கிராமம் கிராமமாகப் போனது. அதை நடத்திய தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளரானார். பிறகு குதிரை வண்டியின் இடத்தில் மோட்டார் வண்டி வந்தது. 1923-ல் புதிய வண்டி வாங்க, கறுப்பின உழவர்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டார்கள். ஒருகாலத்தில் இலவச விதை வாங்கியவர்கள் கொடுக்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள்.

கடலையும் கடைசி நாட்களும்

பருத்தியே பருத்தி என்று விளைந்து சலித்த மண்ணைத் தேற்ற, காராமணியையும் நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளியையும் மாற்றுப் பயிராக கார்வர் பரிந்துரைத்தார். பருத்திக் காய் வண்டு தெற்கைத் தாக்கியபோது அந்த யோசனையின் அருமை இன்னும் பலருக்குப் புரிந்தது. 1916-ல் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளைச் சொல்லும் வெளியீட்டை எழுதினார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று சொல்வது சரியல்ல. அது முன்பே இருந்தது. தெற்கு கடலைக்கு மாறியதும் அவர் ஒருவரால் நடந்ததல்ல. வாரச் சாகுபடியின் கடன் பிடியையும் அவரால் உடைக்க முடியவில்லை. ஆனால், அந்தப் பிடிக்குள் இருந்துகொண்டே ஒரு குடும்பம் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட வழி காட்டினார்.

47 ஆண்டுகள் டஸ்கீகியிலேயே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பள உயர்வையும் நாடவில்லை. சேமிப்பு முழுவதையும் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டு, 1943 ஜனவரி 5-ல் காலமானார். போர்க்காலப் பஞ்சத்தை நினைத்து, இறப்பதற்கு முந்தைய ஆண்டுகூட, உண்ணத் தகுந்த காட்டுக் கீரைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

விதை கொடுப்போர் கவனத்துக்கு

ஏழைக் குடும்பங்களுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் விதை கொடுக்க நினைப்பவர்கள் கார்வரிடம் கற்க நிறைய உண்டு. கொடுக்கும் முன் ஒரு ஈரத்துணியில் விதையை முளைக்கவிட்டுப் பாருங்கள். முளைக்காத விதை தானமல்ல. ஒட்டு ரகத்தைவிட, அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கக்கூடிய நாட்டு ரகமே ஏழை வீட்டுக்கு ஏற்றது. பட்டம் பார்த்துக் கொடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், யார் களையெடுப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். முளைத்திருந்தால் மகிழ்ச்சி, முளைக்காவிட்டால் அவர்களைக் குறை சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு பாத்தி போடுங்கள்.