சோயாவில் மருந்து கண்ட பெர்சி ஜூலியன்

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் 1899ஆம் ஆண்டு பிறந்த கறுப்பின வேதியியலறிஞர் பெர்சி ஜூலியன். அடிமையாய் வாழ்ந்தவரின் பேரனாகிய இவர், 1920இல் டெபா பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராய்த் தேறினார். 1931இல் வியன்னாவில் முனைவரானார்.

1935இல் கண் அழுத்த நோய்க்கான மருந்தொன்றை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டியும், டெபாவில் பேராசிரியர் பதவி நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்டது. 1936இல் கிளிடன் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனம் அவரை ஆராய்ச்சித் தலைவராக அமர்த்திற்று. சோயா எண்ணெயிலிருந்து ஹார்மோன் மருந்துகளைப் பெருமளவில் செய்யும் வழியை அங்கே கண்டார்.

1950இல் அவர் வாங்கிய வீட்டிற்குத் தீவைக்க முயன்றனர். அவரோ அவ்வூரைவிட்டு அகலவில்லை. பின்னர்ச் சொந்த நிறுவனம் தொடங்கிக் கறுப்பின வேதியியலார் பலருக்கு வேலை தந்தார். 1975இல் மறைந்தார்.

தமக்கு அடைக்கப்பட்ட கதவைப் பின்வருவோர்க்குத் திறந்துவைத்த அப்பெரியாரை நம் இளைஞர் நெஞ்சில் இருத்த விழைகின்றோம்.