வீடு திரும்பிய வேதபோதகர்

தூர தேசத்தில் பல காலம் இருந்துவிட்டுச் சொந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனை நீர் பார்த்திருப்பீர். தாயார் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். சுற்றத்தார் கூடிவிடுகிறார்கள். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். அன்று முழுவதும் ஒரே சந்தோஷம். ஆனால் நாலு நாள் கழித்து அவனைக் கவனியும். பேச்சின் நடுவே மௌனமாகிவிடுகிறான். உடம்பு இங்கே இருக்கிறது; மனமோ விட்டுவந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வேத ஊழியத்துக்காகப் பிற நாட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். வீட்டை விட்டுப் போவது பெரிய தியாகம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். திரும்பி வருவதும் ஒரு சோதனைதான் என்று அநேகர் நினைப்பதில்லை. அந்தச் சோதனையில் தேறிய ஒருவருடைய சரித்திரத்தை இன்று உமக்குச் சொல்லப்போகிறோம். அவர் உமக்குப் புதியவர் அல்லர். ஓரியூர் மணலைத் தம் இரத்தத்தால் நனைத்த அர்ச்சியசிஷ்ட அருளானந்தரே அவர். அவருடைய மரணத்தை ஆண்டுதோறும் பிப்ரவரி 4-ந் தேதி நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அதற்குச் சில வருஷங்களுக்கு முன் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போயிருந்தார் என்பதும், அங்கேயே சுகமாகத் தங்கிவிட வழி திறந்திருந்தது என்பதும் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி போர்த்துக்கல் தேசத்தின் தலைநகராகிய லிஸ்பனில் அவர் பிறந்தார். ஜான் தெ பிரிட்டோ என்பது அவருடைய பெயர். உயர்ந்த குலம், செல்வமுள்ள குடும்பம். தகப்பனார் அரசாங்க உத்தியோகமாகப் பிரேசில் தேசத்துக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகளை வளர்க்கும் பாரம் தாயார் பெயாத்ரிஸ் அம்மாளின் தலைமேல் விழுந்தது. ஜான் சிறு வயதிலேயே அரண்மனைக்கு அனுப்பப்பட்டு, இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தார். இருவருக்கும் வயது ஒன்றுதான் வித்தியாசம். இந்த இளவரசரே பிற்காலத்தில் இரண்டாம் பேதுரு என்ற பெயரோடு சிங்காசனம் ஏறியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

அரண்மனையில் இருக்கும்போது சிறுவனுக்குக் கடும் நோய் கண்டது. பிழைப்பானோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். தாயார் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரிடம் மன்றாடி, பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாகப் பிரார்த்தனை செய்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். பட்டும் ஜரிகையும் உடுத்திய தோழர்கள் நடுவே கறுப்பு அங்கியோடு ஒரு வருஷம் நடமாடினான். வருஷம் முடிந்து அங்கியைக் கழற்றினார்கள். அங்கி கழன்றதே தவிர அதன்மேல் அவன் வைத்த ஆசை கழலவில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பதினைந்தாம் வயதில் சேசு சபையில் சேர்ந்தார். நேர்ந்துகொண்ட தாய் ஒரு வருஷம் என்று சொன்னாள்; சர்வேசுரனோ முழு ஆயுளையும் எடுத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்து குருப்பட்டம் பெற்று, 1673-ல் இந்தியாவுக்குப் புறப்பட அவர் ஆயத்தமானபோது தாயார் மனம் தாங்கவில்லை. மகனிடம் அழுதாள். அது பலிக்காமற் போகவே, பாப்பரசரின் ஸ்தானாதிபதியிடம் போய்த் தடுத்து நிறுத்தும்படி கெஞ்சினாள். வாசகரே, அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் எழும்புமா? கணவனைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்தவள். அந்நாளில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கோவா வந்து சேர ஆறு மாதத்துக்கு மேல் செல்லும். கப்பலில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் கரையைக் காணாமலே கடலில் அடக்கமானார்கள். ஆயினும் மகன் புறப்பட்டார்.

கோவாவில் சில காலம் தங்கி, மலையாள நாட்டு அம்பழக்காடு வழியாகக் கால்நடையாகத் தமிழகத்துக்குள் நுழைந்தார். மதுரை மிஷனில் தத்துவ போதகர் 1606 முதல் காட்டிய வழியையும், அவருக்குப் பின் பண்டாரசுவாமிகளாக உழைத்த குருக்களின் வழியையும் கைக்கொண்டார். காவி அங்கி, கையில் கோல். புலாலும் மதுவும் அடியோடு விலக்கு. படுக்கை வெறுந் தரை. ஜான் என்ற பெயருக்கு நம் முன்னோர் வழங்கிய சொல் அருளப்பர் என்பது. அதையொட்டியே நம் மக்கள் நாவில் அவர் அருளானந்தரானார். பஞ்சமும் படையெடுப்பும் வெள்ளமுமாக இருந்த அந்தக் காலத்தில் செஞ்சி, தஞ்சை, மறவர் சீமை என்று ஓயாமல் நடந்தார். பிற்பாடு மிஷன் முழுவதற்கும் சிரேஷ்டரானார்.

1686-ம் ஆண்டு ஜூலை மாதம் மறவர் சீமையில் அவரும் அவரோடிருந்த உபதேசியார் முதலானவர்களும் பிடிபட்டார்கள். மரத்தில் கட்டி அடித்தார்கள். கயிற்றால் பிணைத்துக் குளத்து நீரில் மறுபடி மறுபடி அமிழ்த்தினார்கள். கூரான பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். மரணத் தீர்வைக்குக் காத்திருந்தவர்களை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து, கிழவன் சேதுபதி நேரில் விசாரித்தார். அருளானந்தர் தம் வேதத்தை விளக்கிச் சொன்னதைக் கேட்டபின் அவர்களை விடுதலை செய்தார். ஆனால் தம் சீமையில் இனி அந்த வேதத்தைப் போதிக்கக்கூடாது என்று கட்டளையிட்டார்.

இந்தச் சமயத்தில்தான், மிஷனின் தேவைகளை ஐரோப்பாவில் எடுத்துச் சொல்லுவதற்கு அவரையே பிரதிநிதியாகச் சபைத் தலைவர்கள் நியமித்தார்கள். கீழ்ப்படிந்து கப்பலேறினார். 1687-ல் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கினார். இருபத்தாறு வயதில் போனவர் நாற்பது வயதில், உடம்பில் தழும்புகளோடு வந்து நின்றார்.

வாசகரே, இங்கே சற்று நிதானித்துப் பாரும். ஊரே அவரைப் பார்க்கத் திரண்டது. பழைய தோழர் இப்போது அரசர். வேதத்துக்காக அடிபட்டவர் என்ற கீர்த்தி. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அவருக்கோ அங்கே மூன்று சோதனைகள் காத்திருந்தன.

முதலாவது, சுகம். பதினாலு வருஷம் பசியும் வெயிலும் அனுபவித்தவர் தம் ஊரில் கொஞ்சம் இறைச்சியும் திராட்ச ரசமும் சாப்பிட்டால் யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்? மெத்தையில் படுத்தால் எந்தக் கட்டளை மீறப்படும்? ஆயினும் தமிழ்நாட்டில் சாப்பிட்டதுபோலவே காய்கறியோடு நிறுத்திக்கொண்டார். தரையிலேயே படுத்தார். தம் மிஷன் உடையோடே காணப்பட்டார். இது வேடிக்கை காட்டுவதற்காக அல்ல. மறவர் சீமையில் கூழுக்கும் வழியில்லாமல் தமக்காகக் காத்திருக்கிறவர்களின் நினைவு தம்மை விட்டு நழுவிவிடக்கூடாது என்ற எண்ணமே அதில் நமக்குத் தெரிகிறது. நாக்கு மறந்தால் மனமும் மறந்துவிடும் அல்லவா?

இரண்டாவது, மரியாதை. அரசர் அவரைத் தம்மருகே வைத்துக்கொள்ளப் பிரியப்பட்டார். பட்டத்துக்குரிய தம் குழந்தைக்கு அவர் குருவாக வேண்டும் என்பது அவர் விருப்பம். இது பாவ சோதனையல்ல, நல்ல காரியந்தான். ஒரு அரசனைப் புண்ணியவானாக வளர்த்தால் தேசம் முழுவதுக்கும் நன்மை என்று வாதிக்கலாம். இப்படி நல்ல காரியத்தின் உருவில் வருகிற சோதனையே மிகவும் ஆபத்தானது. அருளானந்தர் அதற்கு இணங்கவில்லை. அரண்மனையில் குந்தியிருப்பதை விட்டு, கோயிம்பிரா, எவோரா முதலிய இடங்களில் இருந்த சேசு சபைக் கல்லூரிகளுக்குப் போனார். மதுரை மிஷனின் நிலைமையை இளைஞரான சந்நியாசிகளுக்கு எடுத்துச் சொன்னார். தம்மோடு வர ஆள் தேடினார், உதவி கேட்டார். தம் பாடுகளைச் சொல்லிப் புகழ் வாங்க வந்தவராக இல்லாமல், தம் ஜனங்களுக்காகப் பிச்சை கேட்க வந்தவராகவே தாய்நாட்டில் நடந்துகொண்டார்.

மூன்றாவது, பாசம். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. தாயார் இன்னும் உயிரோடிருந்தாள். முதல் தடவை அவர் போனபோது, ஒருவேளை திரும்பி வருவார் என்ற நம்பிக்கையாவது அவளுக்கு இருந்தது. இந்தத் தடவை அப்படியல்ல. மறவர் சீமையில் மறுபடி போதித்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும். அந்தத் தழும்புகளைப் பார்த்த தாய்க்கும் தெரியாமலிருக்குமா? அர்ச்சியசிஷ்டவர்களுக்கு இரும்பு இருதயம் என்று எண்ணாதேயும். அன்பில்லாதவன் விட்டுப் போவதில் என்ன புண்ணியம்? விட முடியாததை விட்டதால்தான் அது காணிக்கையாயிற்று.

1690-ம் ஆண்டு, புதிய வேதபோதகர்களை அழைத்துக்கொண்டு மறுபடி கப்பலேறினார். அரசருடைய வார்த்தையும் அவரை நிறுத்தவில்லை. தாய்நாட்டுக்கு வந்திருந்தவர் தம் ஜனங்களிடம் திரும்பினார். எது போக்கு, எது வரவு என்று நீரே சொல்லும்.

அதன் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுவோம். மறவர் சீமையின் எல்லைக் காடுகளில் தங்கி, இரவிலும் பகலிலும் வந்த ஜனங்களுக்கு ஞான உபதேசம் செய்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சிறுவல்லித் தலைவராகிய தடியத் தேவர், நோயில் கிடந்தபோது ஒரு உபதேசியார் அவர்மேல் சுவிசேஷத்தை வாசித்துச் செபிக்க, குணமடைந்து, வேதத்தில் சேர விரும்பினார். ஒரு மனைவியை மாத்திரம் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். தேவர் இணங்கி, 1693 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளில், ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவளுடைய துயரத்தையும் அற்பமென்று தள்ளிவிடக்கூடாது. அவள் முறையிட்டாள். தடியத் தேவர் பட்டத்துக்கு உரிமையுள்ள வம்சத்தார் ஆதலால், சேதுபதிக்கு அரசியல் அச்சமும் சேர்ந்துகொண்டது. ஜனவரி 8-ந் தேதி அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். மரணத்துக்கு முந்தின நாள், பிப்ரவரி 3-ந் தேதி, சிறையிலிருந்து தம் சகோதர குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் விபூதிப் புதன்கிழமை. தபசு காலம் தொடங்கும் அந்த நாளில் அவருடைய தலை வெட்டுண்டது.

அந்தச் செய்தி கடல் கடந்து லிஸ்பனுக்குப் போய்ச் சேர வெகு காலம் சென்றது. சேர்ந்ததும் அரசர் நன்றியறிதலான ஆராதனை நடத்தச் செய்தார். பெயாத்ரிஸ் அம்மாள் அங்கே வந்தாள். கைம்பெண், இப்போது மகனையும் இழந்தவள். துக்க உடையில் வருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ திருநாளுக்கு உடுத்தும் சிறப்பு உடையில் வந்தாள். ஒரு காலத்தில் ஸ்தானாதிபதியின் வாசலில் அழுதுகொண்டு நின்ற அதே தாய்தான் அவள் என்பதை நினைத்துக்கொள்ளும். மகன் இரண்டு தடவை கடல் கடந்து கற்றுக்கொண்டதை அவள் வீட்டில் இருந்தபடியே கற்றுக்கொண்டாள். 1947-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் மகனுக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். தாய்க்குப் பட்டம் ஒன்றும் இல்லை. சர்வேசுரனுடைய புத்தகத்தில் அவள் பெயர் எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம்.

பிரிய வாசகரே, நம் பங்கிலிருந்தும் குருக்களும் கன்னியாஸ்திரீகளும் தூர இடங்களுக்கு வேத ஊழியத்துக்குப் போயிருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறார்கள். வந்தவர்களை நாம் எப்படி வரவேற்கிறோம்? நன்றாகச் சாப்பாடு போடுகிறோம். இளைத்துப்போனீர்களே என்று வருந்துகிறோம். போதும், இனி இங்கேயே பக்கத்தில் ஒரு இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அன்பின் மிகுதியால் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தை அவர்களுடைய நெஞ்சில் எவ்வளவு பெரிய போராட்டத்தை உண்டாக்குகிறது என்பதை நாம் அறிவதில்லை.

அடுத்த தடவை வேறு விதமாய்ச் செய்து பாரும். அவர்கள் விட்டு வந்த ஜனங்களைப்பற்றிக் கேளும். அந்த ஊரின் பெயரைக் கேளும். அங்கே கோவில் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா, பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளும். கேட்டதை மறவாமல் ஜெபமாலையில் ஒரு பத்து மணி அவர்களுக்காகச் சொல்லும். கையில் உள்ளதைக் கொடுத்தனுப்பும். அவர்கள் திரும்பிப் போகும் நாளில் அழுகை வந்தால் அழும், அதில் தப்பில்லை. ஆனால் வழியை மறித்து நில்லாதேயும்.

ஓரியூருக்கு யாத்திரை போய் வருகிறவர்கள் அந்தச் சிவந்த மணலில் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இனி அதைப் பார்க்கும்போது லிஸ்பன் துறைமுகத்தையும் சற்று நினைத்துக்கொள்ளும். வேதசாட்சியின் முடி அவருக்குக் கிடைத்தது ஓரியூரில். அதற்கு அவர் இரண்டாம் முறை சம்மதம் கொடுத்தது தம் தாயின் வீட்டில்.

அர்ச்சியசிஷ்ட அருளானந்தரே, வீட்டை விட்டுப் போனவர்களுக்காகவும், வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்களுக்காகவும், வாசலில் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் சர்வேசுரனை வேண்டிக்கொள்ளும்.